டம்ளரும் கரண்டியும் போதும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் "பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் என்ன மாத்திரை கொடுக்கலாம், எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, முப்பது வருஷம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர். சமீபத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். முதல் சில வருடங்களில் குழந்தையின் மூளையில் ஒரு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புது இணைப்புகள் உண்டாகின்றன என்று சொன்னார்கள். அதை எங்கள் ஊர் அம்மாக்களிடம் சொன்னால் "அப்படியா டீச்சர்" என்று கேட்டுவிட்டு, சத்துமாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எப்படித்தான் புரியவைப்பது? (வேடசந்தூர்)

பதில்: சொல்லிப் புரியவைக்க முடியாது தங்கச்சி, நான் பல வருஷம் முயற்சி செய்து தோற்றிருக்கிறேன். சார்ட் பேப்பரில் நியூரான் படம் வரைந்து, சிவப்பு ஸ்கெட்சில் கிளை கிளையாக இழுத்து, ஒரு மணி நேரம் பேசுவேன். ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒரு அம்மா மடியில் இருந்த பதினாலு மாதப் பையன் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல். அந்த அம்மா டம்ளரைப் பிடுங்கப் போனாள். அதற்குள் அந்த மையத்தின் ஆயாம்மா, அறுபதை நெருங்கியவர், அவன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு கரண்டியை எடுத்துத் தரையில் இரண்டு தட்டு தட்டினார். தட்டிவிட்டுச் சும்மா இருந்தார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான், அப்புறம் டம்ளரால் ஒரு தட்டு. ஆயாம்மா, "ஓ, உனக்கும் தெரியுமா?" என்று கேட்டு மறுபடி இரண்டு தட்டு. இந்த முறை அவனும் இரண்டு தட்டினான். பிறகு டம்ளரை முந்தானைக்குள் ஒளித்தார், அவன் தவழ்ந்து வந்து முந்தானையை இழுத்தான். கூடத்தில் இருந்த அத்தனை அம்மாக்களும் என்னை விட்டுவிட்டு அங்கேதான் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். நான் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பத்து லட்சம் இணைப்பும் இப்படித்தான் கெட்டிப்படுகிறது. குழந்தை ஏதோ செய்கிறது, பெரியவர் பதிலுக்கு ஏதோ செய்கிறார், மறுபடி குழந்தையின் முறை. திரும்பத் திரும்பப் பயன்படும் இணைப்பு தங்கும், பயன்படாதது உதிரும். குழந்தை அனுப்பினதுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வராமலே இருந்தால் அதுவே ஒரு குறைதான், வயிறு நிறைந்திருந்தாலும்கூட.

இதற்கு ஒரு பெரிய அத்தாட்சி ஜமைக்காவில் இருக்கிறது. 1986-87-இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள், எல்லாரும் 9 முதல் 24 மாதத்துக்குள். சாலி கிரந்தம்-மெக்ரெகர் என்ற மருத்துவர் தலைமையில் நடந்தது. சில வீடுகளுக்குச் சத்துணவு மட்டும், சில வீடுகளுக்கு விளையாட்டு மட்டும், சில வீடுகளுக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. விளையாட்டு என்றால் உங்களைப் போன்ற ஒரு சுகாதாரப் பணியாளர் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய், அம்மாவைக் குழந்தையோடு விளையாட வைப்பது, அவ்வளவுதான். இரண்டு வருஷம் செய்தார்கள். கொண்டுபோன பொம்மைகளும் காலி டப்பா, துணி மாதிரி வீட்டில் கிடக்கும் பொருள்களில் செய்தவை. இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், விளையாட்டு கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். சத்துணவு மட்டும் கிடைத்த பிள்ளைகளுக்கு அந்த மாதிரி நீடித்த பலன் தெரியவில்லை. (சத்துமாவு வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் புறப்பட்டுவிடாதீர்கள்.)

அங்கே அந்தப் பணியாளர் குழந்தைக்குப் பாடம் எடுக்கவில்லை, அம்மாவுக்குத்தான் பழக்கிவிட்டார், அதுவும் அம்மா கையாலேயே செய்ய வைத்து. ஒடிசாவில் கிராமங்களிலும் இதைச் செய்து பார்த்தார்கள். வீடு வீடாகப் போய்ச் செய்ததற்கும், அம்மாக்களை ஒரே இடத்தில் கூட்டி உட்காரவைத்துச் செய்ததற்கும் ஏறக்குறைய ஒரே பலன் கிடைத்தது. உங்களுக்கு இது நல்ல சேதி, ஏனென்றால் கூட்டம் தானாகவே உங்கள் மையத்துக்கு வருகிறது.

ஆகவே சத்துமாவு வாங்க வரும் நாளில் நாலு அம்மாக்களைப் பத்து நிமிஷம் உட்காரவையுங்கள். ஒரு விளையாட்டை நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். அப்புறம் அந்த அம்மா செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், இதுதான் நமக்குக் கஷ்டமான பாகம், கை துறுதுறுக்கும். அவள் சரியாகச் செய்த ஒன்றைக் கண்டுபிடித்து அவளிடமே சொல்லுங்கள்: "நீ பேசாம இருந்தப்போ அவன் உன் முகத்தைப் பார்த்தான், கவனிச்சியா?" அவ்வளவு போதும், வீட்டில் போய்த் திரும்பச் செய்வாள். 2024-இல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த நவசேதனா கையேட்டில் 140 செயல்பாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டாதீர்கள், மாதத்துக்கு இரண்டு எடுத்தால் தாராளம்.

கேள்வி: பேத்திக்குப் பத்து மாதம். செல்லைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறாள், ஒரு இட்லி இறங்குகிறது. தப்பா? (மன்னார்குடி)

பதில்: தப்பு என்று சொல்லி உங்களை நோகடிக்க மனமில்லை அம்மா, ஒண்டியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் அந்த ஒரு இட்லி இறங்குவதே பெரிய நிம்மதி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இதுதான்: இரண்டு வயது முடியும்வரை திரையே வேண்டாம், அதற்குப் பிறகு நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. செல்போன் ஒன்றும் விஷம் கக்கவில்லை. அவள் "ஊ" என்றால் அது பதில் சொல்லாது, அவ்வளவுதான் குறை. கூடவே, பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது.

நம் பாட்டிகள் நிலாவைக் காட்டி ஊட்டினார்களே, அதில் நிலா வெறும் சாக்கு. இடுப்பில் ஒரு பிள்ளை, காக்கா எங்கே, மாடு எங்கே என்று ஓயாத பேச்சு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பார்வை. நாலைந்து நாள் அழுவாள், இட்லி பாதியாகும், பயப்படாதீர்கள். ஒரு துண்டை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள், தலையிலும் மூக்கிலும் அப்பிக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருக்கும் அப்பா வீடியோ காலில் வந்தால் அது வேறு கணக்கு, அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. "மிட்பிரெயின் ஆக்டிவேஷன்" வகுப்பில் சேர்த்தால் கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் படிப்பான், ஞாபகசக்தி பலமடங்கு ஆகும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் செய்து காட்டினான், நானே பார்த்தேன். கட்டணம் இருபதாயிரத்துக்கு மேல். சேர்க்கலாமா? (திருப்பூர்)

பதில்: வேண்டாம் தம்பி. மிட்பிரெயின், அதாவது நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்பக்கத்தில் இருக்கும் சின்னப் பகுதி, கண் அசைவுக்கும் காதில் விழுவதைக் கடத்துவதற்கும் அது பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் இருபதாயிரம் வாங்கிக்கொண்டு ஸ்விட்ச் போடத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். கட்டு அப்படியே இருக்கட்டும், புத்தகத்தை மட்டும் அவன் நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். படிக்க மாட்டான், ஏனென்றால் அவன் படித்தது மூக்கின் இரண்டு பக்கமும் துணிக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக. மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதைப் பல வருஷமாக மேடை மேடையாகச் சொல்லிவருகிறார்.

பணம் போவதைவிட எனக்கு மனசு கஷ்டப்படுவது வேறு விஷயத்துக்கு. இடுக்கு வழியாகப் பார்க்கிறோம் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். தெரிந்தும், அப்பா அம்மா கைதட்டுவதைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறான். ஒன்பது வயதில் பொய்யைக் காப்பாற்றும் பாரத்தை நாமே பணம் கட்டி அவன் தலையில் ஏற்றிவைக்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு சைக்கிள் வாங்கிக்கொடுங்கள், மீதிக்குக் கதைப் புத்தகங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் முன்பெல்லாம் பத்து மணிக்குத் தூங்கிவிடுவாள். இப்போது 12 ஆனாலும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். அதிகாலையில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று அவள் அப்பா நாலரைக்கு எழுப்பிவிடுகிறார். எரிந்து விழுகிறாள். நேற்று கதவை அறைந்த வேகத்தில் தாழ்ப்பாளே கழன்றுவிட்டது. இது வயசுக் கோளாறா, எங்கள் வளர்ப்பா? (கோவில்பட்டி)

பதில்: முதலில் கணக்கு. 12-லிருந்து நாலரை, நாலரை மணி நேரம். இந்த வயதுக்குத் தேவை எட்டிலிருந்து பத்து மணி நேரம். தினமும் பாதித் தூக்கத்தில் எழுப்பப்படும் யாரும் எரிந்துதான் விழுவார்கள், அவள் அப்பாவை ஒரு வாரம் அப்படி எழுப்பிப் பார்த்தால் தெரியும்.

பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது, சிலருக்கு இரண்டு மணி நேரம்வரை. பத்து மணிக்கு "போய்ப் படு" என்றால் அவள் உடம்புக்கு அது இன்னும் எட்டு மணி மாதிரி. கையில் செல் வேறு இருந்தால் இன்னும் தள்ளும். காலையில் நாலரை என்பது அவளுக்கு நட்டநடு ராத்திரி. படித்தது மூளையில் படிவதே தூக்கத்தில்தான் என்பதால், தூக்கத்தை வெட்டிப் படிக்கவைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. தாத்தா காலத்தில் நாலரைக்கு எழுந்தவர்கள் எட்டரைக்கே விளக்கை அணைத்தார்கள், அந்தப் பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

அதிகாலைப் படிப்பை நிறுத்தி ஆறு மணிக்கு எழுப்புங்கள், எழுந்ததும் பத்து நிமிஷம் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நிற்கட்டும். இரவு பத்துக்குச் செல்போன்கள் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். "போன்கள்" என்று பன்மையில் சொல்கிறேன், உங்களுடையதும் அவருடையதும் சேர்த்துத்தான். அவளுடையதை மட்டும் பிடுங்கினால் அது தண்டனை, மூன்றும் இருந்தால்தான் வீட்டு வழக்கம்.

இப்போது தாழ்ப்பாள். கோபம், பயம், ஆசை இவற்றைக் கிளப்பும் பகுதிகள் மூளையில் முந்திக்கொண்டு விழித்துவிடுகின்றன. "இரு, யோசி" என்று நிறுத்தும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, அது முழுசாக முதிர இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகும். அதுவரை கொஞ்ச நேரம் அந்த வேலையை நாம் கடன் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் அதில் சுத்தமாகத் தோற்றவள். என் பையன் பதினாறு வயதில் கதவை அறைந்தபோது, மூடின கதவுக்கு வெளியே நின்று இருபது நிமிஷம் நியாயம் பேசினேன். பக்கத்து போர்ஷன்காரர் முழுசாகக் கேட்டார், என் பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகுதான் பழகினேன்: அறைந்தால் அறையட்டும், அரைமணி கழித்துத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பேச்சு அதற்குப் பிறகு. தாழ்ப்பாள் செலவை அவள் கைச்செலவுப் பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் தாட்சண்யம் வேண்டாம், ஆனால் சத்தம் போடாமல்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்காமல், தோழிகளைத் தவிர்த்து, "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அதை வயசுக் கோளாறு என்று ஒதுக்கக் கூடாது. அப்படிப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: பதினைந்து வயது மகன் பைக் கேட்கிறான். நன்றாகவே ஓட்டுகிறான், நானே பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். (கரூர்)

பதில்: நீங்கள் பின்னால் உட்கார்ந்திருந்ததால்தான் நன்றாக ஓட்டினான்! 2005-இல் கார்ட்னர், ஸ்டெயின்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கார் ஓட்டும் வீடியோ விளையாட்டை வைத்துப் பார்த்தார்கள். பையன்களும் பெண்களும் தனியாக ஆடும்போது ஒரு மாதிரி, கூட்டாளிகள் பக்கத்தில் நின்றால் வேறு மாதிரி, ஆபத்தான ஆட்டம் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் பெரிய மாற்றமில்லை. உங்கள் பையனுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை, பின்னால் இரண்டு கூட்டாளிகள் ஏறினால் அதே பையன் வேறு ஆள், அதுதான் சங்கதி.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம்வரை சிறையும், வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் மூளை முதிரும் வயதைப் பார்த்துத்தான் 25 என்று போட்டார்களோ என்னவோ, எண் பொருந்திப்போகிறது.

கேள்வி: ஞாபகசக்திக்கு வல்லாரை கொடுக்கலாமா? பாதாம்? (பெரியகுளம்)

பதில்: சமையலில் வல்லாரைத் துவையல் அரைத்துத் தாராளமாகக் கொடுங்கள், ருசியாக இருக்கும். மூளைக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டு விஷயம் அயோடினும் இரும்பும். உப்பு அயோடின் கலந்ததா என்று பாக்கெட்டைப் பாருங்கள். பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறார்களா என்றும் பாருங்கள், எறிவார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியர். "அடியாத மாடு படியாது" என்றுதான் வளர்ந்தேன். அன்று வாங்கிய அடிதான் என்னை ஆளாக்கியது. இப்போது பிரம்பைத் தொட்டாலே குற்றம் என்கிறார்கள். மூளை வளர்ச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (விழுப்புரம்)

பதில்: ஐயா, நானும் அடித்தவள்தான், அதனால் உபதேசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு. 7×8 வரை கடகடவென்று வந்தான், அங்கே தடுக்கியது. ஸ்கேலால் ஒன்று வைத்தேன். மறுபடி கேட்டேன், 7×6-இல் நின்றான். இன்னொன்று. மூன்றாவது முறை 7×2 என்ன என்று கேட்டால் பதில் இல்லை, அவன் கண் என் முகத்தில் இல்லை, ஸ்கேலில் இருந்தது. அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டது ஸ்கேல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை மட்டும். பயம் வந்தால் உடம்பு தப்பிப்பதற்குத் தயாராகும், கணக்குப் போடும் பகுதி அந்த நேரம் கடையை மூடிவிடும்.

2009-இல் அகேமி தொமோதா என்ற ஜப்பானிய மருத்துவரும் அவரோடு அமெரிக்க ஆய்வாளர்களும், சின்ன வயதில் வருஷக்கணக்கில் கடுமையாக அடிவாங்கியவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்த "இரு, யோசி" பகுதியில் சில இடங்கள் மற்றவர்களைவிடச் சிறுத்திருந்தன. அடித்ததால்தான் அப்படி ஆனது என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பள்ளியில் உடம்பை வருத்தும் தண்டனையும் மனதை வருத்தும் தண்டனையும் கூடாது என்றாகிவிட்டது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டு நாக்கால் அடிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அது.

நாற்பத்தைந்து பிள்ளைகள், நாற்பது நிமிஷம், பிரம்பும் இல்லை என்றால் என்ன செய்வது என்று உங்களைப் போன்றவர்களுக்கு யாரும் உட்காரவைத்துப் பழக்கவில்லை, சுற்றறிக்கை மட்டும் வந்தது. உங்கள் கோபம் அதில் எனக்கு நியாயமாகவே படுகிறது. நான் பயிற்சியில் செய்யவைத்தது ஒன்றைச் சொல்கிறேன்: கை ஓங்க வருகிறபோது கரும்பலகைப் பக்கம் திரும்பித் தேதியைப் பொறுமையாக எழுதுங்கள், வருஷம் முழுசாக நாலு இலக்கத்தோடு. எழுதி முடித்துத் திரும்பும்போது பாதிக் கோபம் இறங்கியிருக்கும். ஒரு ஆசிரியை அன்றைக்கு ஒரே பீரியடில் ஆறு முறை தேதி எழுதினாராம்.

கேள்வி: எனக்கு 68 வயது. பேரனுக்கு ஐந்து மாதம். பகலெல்லாம் நானும் அவனும்தான். அவனோடு பேசுங்கள் என்கிறாள் மருமகள். பேசத் தெரியாத பிள்ளையிடம் என்ன பேசுவது? என் பிள்ளைகளிடமே நான் அதிகம் பேசினதில்லை, கூச்சமாக இருக்கிறது. (மயிலாடுதுறை)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான் ஐயா. நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதையே சொல்லுங்கள். "தாத்தா இப்ப கண்ணாடி தொடைக்கிறேன். இந்தா, மாட்டிக்கிட்டேன். உன்னைத் தெரியுதே." சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், அவசரப்படாதீர்கள், அவனுக்குப் பதில் தயார் செய்ய அவ்வளவு நேரம் ஆகும். காலை உதைப்பான், இல்லாவிட்டால் "ங்ங" என்பான். நீங்களும் "ங்ங" என்று சொல்லிவிட்டு மறுபடி ஐந்து எண்ணுங்கள். பேப்பர் படிக்கும்போது அவனை மடியில் வைத்துக்கொண்டு தங்கம் விலையைச் சத்தமாகப் படித்தாலும் சரிதான். எதிர்வீட்டுக்காரர் சிரித்தால், ஜன்னலைச் சாத்திவிட்டுப் படியுங்கள்.